கரைவலையில் வந்த பித்தளைக் கோது: எந்தக் காலத்தது?

அளம்பில் கரைவலைக்காரன்:
அண்ணைமார், ஒரு விளக்கம் வேண்டும். போன கிழமை நாயாற்றுப் பக்கம் வளைத்தபோது, வலையின் மடியில் சூடை மீனோடு ஒரு செல் கோதும் வந்தது. பித்தளை. குண்டுத் தலை இல்லை, உள்ளே மணல் இறுகிக் கிடக்கிறது. தையல் நாடாவால் அளந்தேன்: நீளம் 31 சென்ரிமீற்றர், அடி விளிம்பு 6 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட, வாய் 4 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். நல்ல தண்ணீர் ஊற்றியதும் அடியில் 40 எம்எம், 1943, ஓர் அம்புக்குறி தெரிந்தன.

2009 இல் செல்லுக்கு நடுவே வெளியேறி வந்த குடும்பம் நாங்கள். கோதைக் கண்டதும் அம்மா வளவுக்குள் வைக்கவே விடவில்லை. இப்போது மீன் வாடிக்குப் பின்னால் தாழை மறைவில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் கேட்கிறார், கொடுக்க மனமில்லை. இது எங்கள் சண்டையினுடையதா, வெள்ளைக்காரன் காலத்ததா?

திருமலைக் காற்று:
1942 ஏப்ரல் 9 இல் யப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அதிலிருந்து வந்திருக்குமோ?

முன்னாள் கண்ணிவெடி அகற்றுநர்:
இல்லை. 1943 இல் செய்த கோது 1942 இல் மூழ்கிய கப்பலில் இருக்க முடியாது. ஹேர்மிஸ் கிடப்பதும் மட்டக்களப்புக் கடலில்.

தம்பி, நீங்கள் நீளத்தை அளந்தது நல்லது. 40 மில்லிமீற்றர் என்றால் பலவகை உண்டு. பொம்பொம் பீரங்கியின் கோது 158 மில்லிமீற்றர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த போபர்ஸ் எல் 70 பீரங்கியின் கோது 364. உங்களுடையது 311 ஆக இருக்கும், அதாவது பழைய போபர்ஸ் எல் 60. விமானங்களைச் சுடக் கப்பல்களில் பூட்டிய பீரங்கி, தரைப்படையிடமும் இருந்தது. அம்புக்குறி பிரித்தானிய அரசின் உடைமை அடையாளம்.

ஆனால் 1943 என்பது கோது செய்த ஆண்டு. சுட்ட ஆண்டை அது சொல்லாது. இந்த வகைச் செல்லைப் பல நாடுகள் பல பத்தாண்டுகள் சேமித்து வைத்துச் சுட்டன.

இப்போது முக்கியமான விடயம். அடியின் நடுவில் வட்டமாக இருக்கும், வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிறைமரில் ஊசி குத்திய குழி இருக்கிறதா? குழி இல்லாவிட்டால் கிட்டப் போக வேண்டாம். இருந்தாலும் மணலைக் கம்பியால் கிண்டாதீர்கள். உள்ளே மருந்து மிஞ்சியிருக்கலாம். பொலிசுக்கோ, உங்கள் பகுதியில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ சொல்லுங்கள். வலையில் இனி எது வந்தாலும், தலையோடு இருந்தால் தொடவே வேண்டாம்.

அளம்பில் கரைவலைக்காரன்:
நன்றி அண்ணை. தூர நின்று கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நடுவில் ஆழமான குழி தெரிகிறது. குழுவுக்குச் சொல்லிவிட்டோம், நாளைக்கு வருகிறார்கள். 1943 என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவருடைய அப்பு அந்தக் காலத்தில் இதே பாட்டில்தான் (கரைவலை இழுக்கும் கரைப்பகுதி) வலை வளைத்தவராம். அவர்கள் சரி என்று விட்டால், புளி போட்டு மினுக்கித் தருகிறேன் என்கிறார்.

திருமலைக் காற்று:
ஆண்டை நான் கவனிக்கவில்லை, மன்னிக்கவும். ஆனால் புளி வேண்டாம். நீண்ட காலம் உப்புத் தண்ணீரில் கிடந்த பித்தளையில் சில இடங்களில் நாகம் (துத்தநாகம்) கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். இளஞ்சிவப்பாகத் தெரியும் இடங்கள் அவைதான், எளிதில் உதிரும். அழுத்தித் தேய்த்தால் அந்த 1943 முதலில் போய்விடும். நல்ல தண்ணீரில் சில கிழமை ஊறவிட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றி, மெல்லிய பல்தூரிகையால் மட்டும் துடையுங்கள்.