தோற்கத் தெரிந்தவர்கள்: ரெஸ்லிங்கில் உங்கள் மனதில் நின்ற ஆட்டம் எது?

எங்கள் தெருவில் ரெஸ்லிங் வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு ஆடும்போது, கட்டின் மேலே ஷான் மைக்கேல்ஸ் வந்தால் முகம் தொங்கிப்போகும். உயரம் சொன்னாலும் தோற்கும், எடை சொன்னாலும் தோற்கும். எதிரே இருப்பவனிடம் யோகோசுனா இருந்தால் எடையில் அடிப்பான், அண்டர்டேக்கர் இருந்தால் உயரத்தில் அடிப்பான். அந்த ஒரு அட்டை மட்டும் எங்கள் கைகளில் சுற்றிக்கொண்டே இருக்கும், யாரிடமும் தங்காது.

இன்று யாராவது என்னிடம் ரெஸ்லிங்கில் ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் அந்த மைக்கேல்ஸைத்தான் சொல்வேன். ஏன் என்று எழுதத்தான் இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன். நீங்களும் உங்கள் ஆட்டத்தைச் சொல்லுங்கள்.

பத்தாவது படிக்கும்போது பெரியப்பா பையன் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "டேய், யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டுத்தான் அடிச்சுக்கிறாங்க" என்றான். அவன் சொன்ன விதத்திலேயே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. அண்டர்டேக்கருக்காகச் சாப்பாட்டை மறந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்து, ஏதோ வீட்டுப் பெரியவர் ஒருவர் பொய் சொல்லி ஏமாற்றியதுபோல வலித்தது. அப்புறம் நாலைந்து வருடம் நான் டென் ஸ்போர்ட்ஸ் பக்கமே போகவில்லை.

2009இல் கல்லூரி விடுதியின் டிவி அறையில்தான் திரும்பவும் மாட்டிக்கொண்டேன். மறுஒளிபரப்பு. WWEயின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா, ஹூஸ்டனில் நடந்த 25ஆவது, அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும். ரெஸில்மேனியாவில் அதுவரை டேக்கர் தோற்றதே இல்லை, 16க்கு 16. அன்றும் அவர்தான் ஜெயிப்பார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பார்த்தோம்.

ஆட்டத்தின் நடுவில் ஒரு இடம். வெளியே நிற்கும் மைக்கேல்ஸை நோக்கி டேக்கர் கயிற்றுக்கு மேலே பறக்கிறார். அந்த உயரம், அந்த எடை, அந்த வயதில் அவர் பறப்பதே பெரிது. மைக்கேல்ஸ் ஒரு கேமராக்காரரை இழுத்துக் குறுக்கே விடுகிறார். டேக்கரைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய அந்த ஆளால் சரியாகப் பிடிக்க முடியாமல், டேக்கர் கிட்டத்தட்ட தலைகுப்புற விழுகிறார். பேசிவைத்த விழுகை இல்லை அது என்பது பார்த்த கணத்திலேயே தெரிந்தது. பிறகும் எழுந்து வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார் மனிதர்.

அதற்கு அப்புறம் டூம்ஸ்டோன், ஆட்டத்தை முடிக்க டேக்கர் போடும் அடி. அதோடு கதை முடியும், வழக்கம் அதுதான். நடுவர் ஒன்று, இரண்டு எண்ணுகிறார், மூன்று எண்ணும்வரை தோள் தரையில் இருந்தால் தோல்வி, கை இறங்கும்முன் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கிவிட்டார். கேமரா டேக்கர் முகத்துக்குப் போகிறது. கண் இரண்டும் விரிந்து, வாய் லேசாகத் திறந்து, பயந்துபோன முகம். அத்தனை வருடத்தில் அந்த ஆள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று. கையில் வாளியோடு குளிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு சீனியர் டிவி அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

கடைசியில் மைக்கேல்ஸ் மூன்சால்ட் என்ற பின்குட்டிக்கரணம் அடிக்கப் பாய்ந்தபோது டேக்கர் அப்படியே அந்தரத்தில் பிடித்து இன்னொரு டூம்ஸ்டோன் போட்டு முடித்தார். எங்களுக்குத் தெரிந்த முடிவுதான். ஆனால் அரை மணி நேரம் அது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. அதை மறக்கவைத்தவர், அன்றைக்குத் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே மேடையேறிய மைக்கேல்ஸ். ட்ரம்ப் கார்டில் உயரம் இருந்தது, எடை இருந்தது, மார்புச் சுற்றளவு இருந்தது. தோற்கும் கலைக்கு மட்டும் அதில் இடமில்லை.

அதன் பிறகு பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பார்க்கும் கண்ணே மாறிப்போயிருந்தது. டூம்ஸ்டோனையே எடுத்துக்கொள்ளுங்கள். டேக்கர் எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இறங்குவார். அவர் முழங்கால் தரையைத் தொடும்போது எதிராளியின் தலை அவர் தொடைக்கு நடுவே, தரைக்குச் சற்று மேலேயே நிற்கும். அடி முழுக்க அடிப்பவரின் முழங்காலுக்குத்தான். பார்க்கிற நமக்கு மண்டை உடைந்தமாதிரி இருக்க வேண்டும், அந்த ஆள் நாளைக்கு எழுந்து வீட்டுக்குப் போகவும் வேண்டும். இரண்டையும் ஒரே நொடியில் செய்கிறார்கள்.

அந்தச் சில அங்குலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி இருக்கிறது. ஓவன் ஹார்ட் முழங்காலில் இறங்காமல் உட்கார்ந்த வாக்கில் இறக்கிவிட்டார். ஸ்டீவ் ஆஸ்டினின் தலை கீழே நீட்டிக்கொண்டிருந்தது, கழுத்தில் அடி. கை கால் அசையாமல் கிடந்தார் ஆஸ்டின். அந்த ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டியவரே அவர்தான். ஓவன் என்ன செய்தார் தெரியுமா? கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார், வம்பிழுத்தார், ரிங்கில் உலாத்தினார். ஆஸ்டினுக்கு மூச்சு வரட்டும் என்று நேரம் வாங்கிக் கொடுத்தார். ஆஸ்டின் தவழ்ந்து வந்து ஓவனின் காலைப் பிடித்து ஒரு பேருக்குச் சுருட்ட, ஓவன் அப்படியே சுருண்டு மூன்று எண்ணும்வரை படுத்துக் கொடுத்தார். அந்தக் கடைசி ஒரு நிமிடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓவனின் முகத்தைத்தான் பார்ப்பேன். அந்தக் கழுத்துக் காயம் ஆஸ்டினை விடவே இல்லை. 2003இல் ராக்கிடம் தோற்றுவிட்டுக் களத்தை விட்டுப் போனார்.

அதே 1997 மார்ச்சில் சிகாகோ பக்கத்தில் நடந்த பிரெட் ஹார்ட் – ஆஸ்டின் ஆட்டம் (ரெஸில்மேனியா 13) இன்னொரு பாடம். பிரெட் நல்லவராக உள்ளே வந்தார், ஆஸ்டின் கெட்டவராக வந்தார். பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் என்ற கால் பூட்டில் மாட்டி, நெற்றி ரத்தம் பல்லுக்கு நடுவே வழிய வழியக் கத்திய ஆஸ்டின், கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் மயங்கிப்போனார். தோல்விதான். ஆனால் உதவிக்கு வந்த நடுவருக்கும் ஸ்டன்னர் என்ற தன் அடியைக் கொடுத்துவிட்டு நொண்டி நொண்டி அவர் நடந்து போனபோது கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஜெயித்த பிரெட்டுக்குக் கூச்சல். ஒரே ராத்திரியில் இரண்டு பேரும் இடம் மாறிவிட்டார்கள். ஆஸ்டின் என்ற பெரிய நட்சத்திரம் பிறந்தது தோற்ற ஆட்டத்தில்.

நம்ம ஊர்ப் பெருமை என்று தி கிரேட் காலியைக் கொண்டாடுகிறவர்கள் என்மேல் கோபப்படக்கூடாது. 2006 ஜட்ஜ்மென்ட் டே நிகழ்ச்சியில் காலி டேக்கரை அடித்து வீழ்த்தியபோது நானும் மகிழ்ந்திருப்பேன், அந்த நாட்களில் நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் பார்த்தபோது ஒன்று விளங்கியது. காலி நடக்கவே சிரமப்பட்ட ஆள். பின்னாளில் மூளைக்குக் கீழே இருந்த கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அப்படிப்பட்டவரை யானை பலம் உள்ளவராக நமக்குக் காட்டியது, ஒவ்வொரு அடிக்கும் டேக்கர் விழுந்த விழுகைதான்.

*

ஈரோட்டுக்காரன்:

அண்ணா, நீங்கள் டிவியில் கண்டதை நான் நேரில் காதால் கேட்டேன். 2023 செப்டம்பர் 8, ஹைதராபாத் கச்சிபௌலி உள்விளையாட்டு அரங்கம். ஈரோட்டிலிருந்து சபரி எக்ஸ்பிரஸில் போனேன். ஜான் சீனாவைப் பார்க்கத்தான் போனேன், மறைக்கவில்லை. அவர் வரும் பாட்டின் முதல் ட்ரம்பெட் சத்தத்துக்கே அரங்கம் எழுந்து நின்றது. சேத் ராலின்ஸும் அவரும் ஒரு அணி. எதிரே லுட்விக் கைசர், ஜியோவானி வின்சி.

டிவியில் தெரியாத விஷயம் ரிங்கின் சத்தம். கேன்வாஸுக்குக் கீழே மெல்லிய பஞ்சு, அதற்குக் கீழே மரப்பலகை, அதற்குக் கீழே இரும்புச் சட்டம். முதுகு மொத்தமாகப் படும்போது காலி டிரம்மை உருட்டிவிட்டமாதிரி 'தொம்' என்று வருகிறது, நம் நெஞ்சில் வந்து முட்டுகிறது. அந்தச் சத்தம் முக்கால்வாசி கைசர், வின்சி இரண்டு பேரின் முதுகிலிருந்துதான் வந்தது. எங்கள் வரிசையில் அவர்கள் பெயர் தெரிந்தவர்களே நாலு பேர் இருந்திருப்போம். சீனாவைப் பார்க்க வந்த குழந்தைகளைச் சீனாவைப் பார்த்த குழந்தைகளாக வீட்டுக்கு அனுப்பியது அவர்கள்தான். கூட்டம் கலையும்போது மேடைச் சரிவில் தோளைப் பிடித்துக்கொண்டு போன கைசருக்காக நான் தனியாகக் கை தட்டினேன்.

ரெஸ்லிங் வீரர் பிரே வயட் இறந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 36 வயது. அவர் வரும்போதெல்லாம் ரசிகர்கள் செல்போன் விளக்கை மின்மினிபோலக் காட்டுவது வழக்கம். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்ததற்குக் காத்திருந்த நேரத்தில் நானும் விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தேன்.

*

திருச்சியிலிருந்து ஒரு அக்கா:

பெண்கள் ஆட்டத்தை யாரும் சொல்லவில்லையே. சின்ன வயதில் நானும் தம்பியும் சேர்ந்துதான் பார்ப்போம். பெண்கள் ஆட்டம் வந்தால் அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான், மூன்று நிமிடத்தில் முடிந்தும்விடும். எனக்கு உள்ளுக்குள் கோபம் கோபமாக வரும்.

2015 அக்டோபரில், WWEயின் இளம் வீரர்களுக்கான என்எக்ஸ்டியில் சாஷா பேங்க்ஸும் பெய்லியும் முப்பது நிமிட அயர்ன் உமன் ஆட்டம் ஆடினார்கள், நேரம் முடிவதற்குள் யார் அதிக தடவை ஜெயிக்கிறார் என்பதுதான் கணக்கு. அந்த நிகழ்ச்சியின் கடைசி ஆட்டமே அதுதான். நடுவில் சாஷா வெளியே இறங்கி, முன்வரிசையில் நின்ற பெய்லியின் குட்டி ரசிகையின் தலைப்பட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். குழந்தை தேம்பித் தேம்பி அழுகிறது. சாஷா அதன் எதிரே நின்று அழுதுகாட்டிக் கேலி செய்கிறாள். எனக்கு அவளை அறையவேண்டும்போல இருந்தது. அதே சாஷா கடைசிச் சில நொடிகளில் பெய்லியின் பிடியில் மாட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டினாளே, அந்தத் தட்டலுக்காகத்தான் குழந்தையை அழவைத்தாள் என்று அப்போது புரிந்தது. இத்தனை வெறுப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு இன்னொருத்தியைத் தூக்கிவிட எவ்வளவு மனசு வேண்டும். அன்றைக்குத் தம்பி தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

*

ஈரோட்டுத் தம்பி, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா சொன்ன ஆட்டத்தை நேற்று இரவே பார்த்துவிட்டேன், அந்தக் குழந்தையின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

சீனா பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியாக வேண்டும். 2025 டிசம்பர் 13, வாஷிங்டனில் அவருடைய கடைசி ஆட்டம், குந்தர் என்ற வீரரோடு. விட்டுக்கொடுக்காதே என்று இருபது வருடத்துக்கும் மேலாகச் சட்டையிலும் தொப்பியிலும் போட்டுக்கொண்டு வந்த மனிதர் குந்தரின் பிடியில் தரையைத் தட்டித் தோற்றார். எங்கள் நண்பர்கள் குழுவில் பெரிய சண்டை. இப்படியா அனுப்புவது என்று ஒருவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவன் வருத்தம் எனக்கும் புரிகிறது, எட்டு வயதில் சீனா படம் போட்ட பையோடு பள்ளிக்குப் போனவன் அவன்.

ஆனால் என் கருத்து வேறு. இந்தத் தொழிலில் போகிறவர் இருப்பவரிடம் தோற்றுவிட்டுப் போவதுதான் மரபு. ஆஸ்டின் அப்படித்தான் போனார். ரெஸில்மேனியா 25க்கு அடுத்த வருடம் ஃபீனிக்ஸ் பக்கத்தில் மைக்கேல்ஸும் அப்படித்தான். தோற்றால் ஓய்வு என்ற ஆட்டம். கடைசியில் டேக்கரின் காலைப் பிடித்து எழுந்து, அவர் செய்கிற கழுத்தறுப்புச் சைகையை அவருக்கே செய்து காட்டி, ஒரு அறையும் கொடுத்தார். டேக்கர் அவரைத் தூக்கி, ஒரு குதி குதித்து டூம்ஸ்டோனை இறக்கினார். முடிந்ததும் கை கொடுத்து எழுப்பி அணைத்துக்கொண்டார். சீனா தட்டியபோது எனக்கு அந்த ஃபீனிக்ஸ் ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. பதினேழு முறை உலகப் பட்டம் பெற்றவர், தன்னிடம் கடைசியாக மிச்சமிருந்த ஒன்றைக் குந்தருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இனி குந்தர் எங்கே போனாலும் சீனாவைத் தட்டவைத்தவன் என்ற பெயரும் கூடவே போகும்.

இன்னொரு வேண்டுகோள். 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில், மேற்கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது ஓவன் ஹார்ட் விழுந்து இறந்துபோனார். அப்போது நான் சின்னப் பையன், அவர் பெயரை அட்டையில் படித்ததோடு சரி. அந்த நாட்களில் பெரியவர்களாக இருந்து, ஓவனின் ஆட்டங்களை அந்தந்த வாரமே பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். அவர் அண்ணன் பிரெட்டை ரெஸில்மேனியா 10இல் ஜெயித்த ஆட்டத்தைப் பார்த்தபோது உங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், எல்லாம் வேண்டும்.