புதுப்பிப்பு: ரிலே அணையும்போது மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகும் சிக்கல் தீர்ந்தது

பம்ப் மோட்டாரை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அணைக்கும்போதெல்லாம், அதை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) ரீசெட் ஆகி முதலிலிருந்து தொடங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். ரிலேயின் காயிலின் (மின்காந்தச் சுருள்) குறுக்கே, அது அணையும்போது எழும் மின்னழுத்த எழுச்சியை அடக்கும் டயோடு சரியாகவே இருந்தது. தொல்லை காயிலில் இல்லை. மோட்டாருக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே காண்டாக்ட் திறக்கும்போது எழும் தீப்பொறியில்தான். மோட்டாரைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் இயக்கினால் ரீசெட் வரவில்லை. இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள், நேரம் மிச்சம்.

100 ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை (மெயின்ஸ் மின்சாரத்தின் குறுக்கே இணைக்கத் தகுந்த பாதுகாப்பு வகை) மின்தேக்கியையும் தொடராக இணைத்து, மோட்டார் முனைகளின் குறுக்கே வைத்ததும் நின்றது. காண்டாக்டின் குறுக்கேயும் வைக்கலாம். ஆனால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அணைத்த பிறகும் சுமார் 7 மில்லிஆம்பியர் கசியும். எக்ஸ்2 இல்லாத சாதாரண மின்தேக்கி இங்கே கூடவே கூடாது: ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மைக்ரோகண்ட்ரோலரின் ரீசெட் பின்னுக்கு (pin) 10 கிலோஓம் புல்-அப்பும் (அந்தப் பின்னை வழங்கு மின்னழுத்தத்திலேயே பிடித்துவைக்கும் மின்தடை) சேர்த்தாயிற்று.