பழைய லப்டொப்பில் விளையாட்டுகள் திணறுகின்றன: முதலில் எதை மாற்றுவது?

கொக்குவிலான்:

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகப் படிப்புக்காக 2019 இன் இறுதியில் வாங்கிய குறைந்த விலை லப்டொப் ஒன்றை இன்றும் பயன்படுத்தி வருகிறேன். ரைசன் 5 3500யூ புரொசசர், வேகா 8 கிராபிக்ஸ், ஒரே துண்டாக 8 ஜீபி ராம் (தற்காலிக நினைவகம்), 1 டீபி ஹார்ட் டிஸ்க் என்பன அதில் உள்ளன. ஜீ.டி.ஏ. 5 விளையாட்டில் நகருக்குள் வண்டி ஓட்டினால் படம் விட்டுவிட்டு ஓடுகிறது. அரை மணி நேரம் கழிந்ததும் நிலைமை இன்னும் மோசமாகிறது. 8 ஜீபியில் 5.9 ஜீபி மட்டுமே பயன்படுத்தக்கூடியது என்று விண்டோஸ் காட்டுவதால், ராமில் பழுது இருக்குமோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. யாழ் நகரிலுள்ள ஒரு கடையில் விசாரித்தபோது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போட்டால் விளையாட்டின் வேகம் இரட்டிப்பாகும் என்றார்கள். நண்பர் ஒருவரோ கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் என்பதால், இப்போதைக்கு ஒரு பொருளுக்கு மட்டுமே செலவழிக்க முடியும். எதை வாங்குவது நல்லது?

திருத்துநர்:

தம்பி, உங்கள் ராமில் பழுது எதுவும் இல்லை. வேகா 8 இற்கென்று தனி நினைவகம் கிடையாது. அது புரொசசருக்குள்ளேயே இருப்பதால், உங்கள் 8 ஜீபியிலிருந்து ஏறத்தாழ 2 ஜீபியைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் காட்டும் கணக்கு அதுதான். இதே காரணத்தால் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவது என்ற பேச்சுக்கும் இடமில்லை, ஏனெனில் புரொசசர் மதர்போட்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. யாராவது மாற்றித் தருவதாகச் சொன்னால் தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பணம் இரண்டாவது ராம் துண்டுக்குத்தான் போகவேண்டும். இந்தப் புரொசசர் டி.டி.ஆர். 4 வகை ராமை 2400 வேகத்தில் இயக்குகிறது. ஒரு துண்டு மட்டும் இருந்தால் விநாடிக்கு 19.2 ஜீபி தரவும், இரண்டு துண்டுகள் இருந்தால் 38.4 ஜீபி தரவும் அதனூடாகச் செல்ல முடியும். ஜீ.டி.எக்ஸ். 1650 போன்ற தனிக் கார்டு தனது சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 128 ஜீபி அளவில் எடுக்கிறது என்பதோடு ஒப்பிட்டால், உங்கள் வேகா எவ்வளவு ஒடுக்கமான வழியால் மூச்சு விடுகிறது என்பது விளங்கும். அதன் கணிக்கும் திறன் போதாமல் படம் திணறவில்லை, கணிப்பதற்கான தரவு நேரத்துக்கு வந்து சேராததால்தான் திணறுகிறது. இரண்டாவது துண்டைப் போட்டதும் விளையாட்டு வேறு இயந்திரத்தில் ஓடுவதுபோல மாறியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாங்கும் முன் பின்மூடியைக் கழற்றி, இரண்டாவது இடம் உண்மையிலேயே உண்டா என்று பாருங்கள். சில மலிவு மாதிரிகளில் ஒரே ஓர் இடம்தான் இருக்கும். லப்டொப்புக்கான டி.டி.ஆர். 4 துண்டையே கேட்டு வாங்குங்கள், டி.டி.ஆர். 3 உம் 5 உம் அதில் பொருந்தா. கடையில் 3200 வேகத்துண்டு மட்டுமே இருந்தாலும் எடுக்கலாம், அது 2400 இற்கு இறங்கி வேலை செய்யும். பற்றரி இணைப்பைக் கழற்றாமல் உள்ளே கை வைக்கவேண்டாம்.

சுன்னாகத்தான்:

திருத்துநர் அண்ணா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எஸ்.எஸ்.டி.யை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. ஜீ.டி.ஏ. 5 வரைபடத்தை ஓடும்போதே டிஸ்க்கிலிருந்து எடுக்கிறது. வண்டி வேகமாகப் போகும்போது ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்காவிட்டால் படம் ஒரு கணம் உறைந்து மீளும். இது வேறு, ஃபிரேம் எண்ணிக்கை (விநாடிக்குத் திரையில் வரும் படங்கள்) எப்போதும் குறைவாக இருப்பது வேறு. கொக்குவிலான் ஒரே இடத்தில் அசையாமல் நின்று ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்க்கட்டும். அங்கும் குறைவாக இருந்தால் ராம். நின்றால் சீராகவும் ஓடினால் மட்டும் உறைவதாகவும் இருந்தால் எஸ்.எஸ்.டி.

திருத்துநர்:

சரியான சோதனை, அதை முதலில் செய்து பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கையை எஸ்.எஸ்.டி. இரட்டிப்பாக்கும் என்று கடையில் சொன்னது மட்டும் தவறு.

அரை மணி நேரத்துக்குப் பின் மோசமாவதற்குக் காரணம் வெப்பம். உங்கள் புரொசசர் 3.7 கிகாஹேர்ட்ஸ் வரை ஏறக்கூடியது; சூடு தாங்காதபோது 2.1 இற்கு அருகில் இறங்கிவிடும். நமது ஊரில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் புழுதி எப்படி வீட்டுக்குள் வந்து படிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாறு ஆண்டுகள் திறக்கப்படாத லப்டொப்பில் விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கும் இடையில் அது கம்பளிபோல் அடைத்திருக்கும். மூடியைக் கழற்றும் அன்றே, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துப்புரவு செய்து, புரொசசரின் வெப்பத்தைக் கடத்தப் பூசப்பட்டு இப்போது காய்ந்துபோன தேர்மல் பேஸ்ற்றையும் மாற்றிவிடுங்கள். மெத்தையில் வைத்து விளையாடவேண்டாம்.

கொக்குவிலான்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அசையாமல் நின்றபோதும் ஃபிரேம் எண்ணிக்கை 30 ஐத் தாண்டாததால் 8 ஜீபி துண்டு ஒன்றை வாங்கி, துப்புரவும் செய்து, நேற்றிரவு விளையாடினேன். விளையாட்டின் திரைத் தெளிவை (ரெசொலூஷன்) 1080 இலிருந்து 720 இற்குக் குறைத்தபோது கணிக்கவேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 20 இலட்சத்திலிருந்து 9 இலட்சமாகின்றன என்பதால் அதையும் மாற்றிப் பார்த்தேன். இப்போது நகருக்குள்ளும் 50 இற்குக் குறையாமல் ஓடுகிறது, ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தது. வேகமாக வண்டி ஓட்டும்போது இடையிடையே ஒரு கணம் உறைவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுன்னாகத்தான் அண்ணா சொன்னது அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த மாத வகுப்புக் காசில் எஸ்.எஸ்.டி. வாங்குவதாக இருக்கிறேன். மதர்போட்டில் எஸ்.எஸ்.டி. பொருத்துவதற்கான எம். 2 இடம் ஒன்று வெறுமையாக இருந்ததையும் கண்டேன். அது எந்த வகை எஸ்.எஸ்.டி.யை ஏற்கும் என்பதை எப்படி அறிவது?