பெட்ரோல் எஞ்சின் லோடு டெஸ்ட்: ஒரே ரீடிங்குக்கு கிலோ கணக்கில் நாலு விடை வருகிறது, எது சரி?

தெர்மல் லேப்

வணக்கம். திருச்சி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் 19 வருஷமாக தெர்மல் லேப் பார்க்கிறேன். மாருதி 800-ல் வந்த 796 சிசி, மூணு சிலிண்டர் எஞ்சின் ஒன்று எங்களிடம் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. பியூரெட்டில் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) 10 சிசி பெட்ரோல் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பிள்ளைகள் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்கள், அதிலிருந்து மணிக்கு எத்தனை கிலோ என்று போடுவார்கள். டிப்ளமோ படித்த எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

இந்த வருஷம் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டு ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். பியூரெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் மாட்டினோம். டிஸ்ப்ளேயில் ஒரு பட்டனை அழுத்தினால் மணிக்கு எத்தனை கேலன், இன்னொரு பட்டனில் மணிக்கு எத்தனை பவுண்டு.

நேற்று 7.9 கிலோவாட் லோடில் 10 சிசிக்கு 9.2 நொடி. மீட்டர் 1.03 கேலன், 6.20 பவுண்டு என்று காட்டியது. நாலு பிள்ளைகள், நாலு விடை:

ஒருத்தி 0.74 டென்சிட்டி (ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ) போட்டு 2.90 கிலோ.
இன்னொருத்தி 3.25 கிலோ.
ஒரு பையன் கேலனை லிட்டராக்கி 3.47 கிலோ.
கடைசிப் பையன் மீட்டரின் பவுண்டை 2.2046-ஆல் வகுத்து 2.81 கிலோ.

3.25 எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். முந்தைய வாரம் டீசல் எஞ்சின் செய்தார்கள், அந்த 0.83-ஐ அப்படியே எழுதிவிட்டாள். ஆனால் 2.90-க்கும் 2.81-க்கும் நடுவில் 3 சதவீதம் இடிக்கிறதே, அது எனக்குப் பிடிபடவில்லை. பியூரெட் தப்பா, மீட்டர் தப்பா? வெள்ளிக்கிழமை ரெக்கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். தப்பான விடைக்கு டிக் அடித்து அனுப்ப மனசு வரவில்லை.

கோவை டியூனர்

சார், அந்தப் பையனின் 3.47-ஐ முதலில் முடித்துவிடலாம். கேலன் ரெண்டு வகை. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785. அவன் 4.546 போட்டிருக்கிறான், 20 சதவீதம் ஏறிவிட்டது. உங்கள் பியூரெட்படி மணிக்கு 3.913 லிட்டர். அதை 3.785-ஆல் வகுத்தால் 1.03. மீட்டர் அமெரிக்க கேலன்தான், பியூரெட்டோடு ஒட்டியும் போகிறது. ஆக ரெண்டும் தப்பில்லை.

இடிப்பது எங்கே என்றால், அந்த மீட்டருக்கு எடை தெரியாது. உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது, சுற்றை எண்ணி வால்யூம் சொல்கிறது. பவுண்டு என்று காட்டுவது, உள்ளே யாரோ வைத்த ஒரு எண்ணால் பெருக்கித்தான். 6.20-ஐ 1.03-ஆல் வகுத்துப் பாருங்கள். கேலனுக்கு 6 பவுண்டு. சின்ன விமானங்களுக்குப் போடும் பெட்ரோலுக்கு வழக்கமாக எடுக்கும் எண் அது. டென்சிட்டியாக மாற்றினால் 0.719. நம் பங்க் பெட்ரோல் அதைவிடக் கனம்.

எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வேலையிலும் இதே வம்புதான். மணிக்கு 1 பவுண்டு என்றால் நிமிஷத்துக்கு 10.5 சிசி என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1 பவுண்டு 453.6 கிராம், அறுபதால் வகுத்தால் 7.56 கிராம். அதை 10.5-ஆல் வகுத்தால் 0.72. அந்த டென்சிட்டியை வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். பெட்ரோலுக்குப் பதில் ஹெப்டேன் என்ற திரவத்தில் டெஸ்ட் பண்ணிய இன்ஜெக்டர் என்றால் அது 0.68 பக்கம், அப்போது 11 சிசி வந்துவிடும்.

பங்க் மேனேஜர்

ஐயா, நான் பெட்ரோல் பங்கில் இருக்கிறேன். தினமும் காலையில் 500 மில்லி ஜாரில் பெட்ரோல் பிடித்து, ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் விட்டு டென்சிட்டி எடுப்பது என் வேலை. உங்களுக்கு 0.74 யார் கொடுத்தது? புத்தகம்தானே? டேங்கரில் வரும் பெட்ரோல் லோடுக்கு லோடு மாறும். 15 டிகிரியில் 0.720 முதல் 0.775 வரை எது வந்தாலும் அது சரியான பெட்ரோல்தான்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். எங்கள் ரெஜிஸ்டரில் எழுதுவது 15 டிகிரிக்கு டேபிள் பார்த்து மாற்றிய டென்சிட்டி. டேங்கர் இன்வாய்ஸோடு ஒப்பிட அது வேண்டும். உங்கள் பியூரெட் 15 டிகிரியிலா இருக்கிறது? ஒரு டிகிரி ஏறினால் பெட்ரோல் கிட்டத்தட்ட 0.1 சதவீதம் விரியும். திருச்சி வெயிலில் 35 டிகிரி என்றால் 2 சதவீதம் போச்சு. பங்கில் கேட்டு அந்த எண்ணை வாங்கிப் போடாதீர்கள். பியூரெட்டில் ஊற்றுகிற பெட்ரோலையே, அந்தச் சூட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சுவிட்ச் போட வேண்டாம்.

தெர்மல் லேப்

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்று மத்தியானம் பிள்ளைகளையே செய்ய வைத்தேன். கெமிஸ்ட்ரி லேபிலிருந்து 500 மில்லி ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கும் தராசும் வாங்கி வந்து வராண்டாவில் வைத்தோம். காலி ஃபிளாஸ்க்கை வைத்துத் தராசை பூஜ்யமாக்கி, கழுத்துக் கோடு வரை பெட்ரோல் ஊற்றினோம். ஆவி பறப்பதால் தராசில் கடைசி எண் நம் கண் முன்னாலேயே இறங்குகிறது. உடனே மூடி போட்டு மறுபடி எடுத்தோம். 367 கிராம், 33 டிகிரி. டென்சிட்டி 0.734.

3.913 லிட்டர் × 0.734 = மணிக்கு 2.87 கிலோ. நொடிக்கு 0.798 கிராம், மணிக்கு 6.33 பவுண்டு. மீட்டரின் செட்டிங்கில் 6-ஐ எடுத்துவிட்டு 6.13 கொடுத்தேன். எஞ்சினை அதே லோடில் ஓட்டினோம், 6.3-லேயே நின்றது. நாலு பேரும் கைதட்டினார்கள்.

கோவை டியூனர்

அருமை சார். ஒரே ஒரு விஷயம். எஃபிஷியன்சி போடும்போது கலோரிஃபிக் வேல்யூ (ஒரு கிலோ எரிந்தால் வரும் வெப்பம்) என்ன எடுக்கிறீர்கள்? இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் கிலோவுக்கு 27 மெகாஜூல் பக்கம்தான்.

தெர்மல் லேப்

43.5 தான் எழுதிக்கொண்டிருந்தோம் தம்பி. கலவையை எடைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ 40 வருகிறது. 22.8 சதவீதம் என்று எழுதியிருந்த எஃபிஷியன்சி 24.8 ஆகிறது. கிலோவில் 3 சதவீதத்துக்கு இத்தனை அலைந்தேன், இதில் ரெண்டு பாயிண்ட் ஒளிந்திருந்திருக்கிறது. நாலு ரெக்கார்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், திங்கள்கிழமை புதிதாக எழுதி வருவார்கள். ரிக்கில் ஒட்டியிருந்த 0.74 ஸ்டிக்கரையும் கிழித்தாயிற்று. அந்த இடத்தில் தேதி, சூடு, 500 மில்லியின் எடை என்று மூணு கட்டம் போட்ட சிலேட்டு ஒன்று தொங்குகிறது.