வலி மருந்தை மகனுக்கு வீட்டில் கொடுக்கப் பயமாக இருக்கிறது

கேள்வி: கோபி வட்டாரத்துத் தாய்

வணக்கம். என் மகனுக்கு 12 வயது. முழங்காலுக்கு மேல் எலும்பில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. இனி நோயைத் தீர்க்கும் மருத்துவம் இல்லை, வலியில்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவின் செவிலியர் வாரம் ஒரு முறை எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வருகிறார்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை மார்ஃபின் மாத்திரை கொடுக்க வேண்டும். அது அபினிலிருந்து எடுப்பது, பையனை மயக்கியே வைத்திருக்கும், உயிரையும் சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்று என் மாமியார் அழுகிறார். அந்த அழுகையைத் தாங்காமல் நேற்று இரண்டு வேளை மருந்தை நிறுத்தினேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது, அவன் தலையணை உறையைப் பல்லால் கடித்தபடி சத்தமில்லாமல் கிடந்தான். உறையின் ஓரம் நனைந்து கிழிந்திருந்தது. நான் தூங்கட்டும் என்று என்னை எழுப்பாமல் இருந்திருக்கிறான்.

மாமியாரின் பயத்தில் உண்மை இருக்கிறதா? "எப்பம்மா பள்ளிக்கூடம் போவேன்?" என்று அவன் கேட்கும்போது நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில் 1: ஈரோடு செவிலியர்

சகோதரி, முதலில் மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். மார்ஃபின் அபினிலிருந்து கிடைப்பதுதான். அந்த அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆனால் குழந்தையின் எடைக்கும் வலிக்கும் ஏற்ப மருத்துவர் கணக்கிட்ட அளவில் கொடுக்கும்போது, அது உயிரைக் குறைப்பதில்லை. குழந்தைகளுக்கு இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனமே இதைச் சேர்த்திருக்கிறது. இத்தகைய மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது.

முதல் இரண்டு மூன்று நாள்கள் தூக்கம் மிகுதியாக இருக்கும். அது பெரும்பாலும் மருந்தின் மயக்கம் மட்டும் அன்று, வலியால் பல இரவுகள் விழித்துக் கிடந்த உடல் கடன் தீர்த்துக்கொள்வதும்தான். பிறகு தெளிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகச் சரியாகாது என்பதால், மருத்துவர் எழுதிக் கொடுத்த மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கொடுங்கள். எழுப்பினாலும் எழாத அளவு மயக்கம், மூச்சு மிக மெதுவாக வருதல் என்று எதைக் கண்டாலும் தாமதிக்காமல் குழுவை அழையுங்கள்.

வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதைவிட, வலி வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான் முறை. வேளை தப்பினால் வலி முழு வேகத்துடன் திரும்பி வரும். அதை அடக்கப் பெரும்பாடுபட வேண்டும். நேற்று உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

நுரையீரலில் நோய் இருப்பதால் மூச்சுத் திணறல் வரலாம். மார்ஃபின் அதையும் தணிக்கும். தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்து, காற்று மூக்கிலும் மேலுதட்டிலும் படும்படி விசிறுங்கள். மின்சாரம் நின்ற இரவுகளில் பனையோலை விசிறி தந்த ஆறுதலைப் பல தோட்டத்து வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து தரும் வலி தணிப்புச் சிகிச்சை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகனின் பெயரைப் பதிந்து வையுங்கள்.

பதில் 2: தாராபுரம் பக்கத்துத் தகப்பன்

அம்மணி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன். இரத்தப் புற்றுநோயால் என் மகளை எட்டு வயதில் இழந்தேன். கடைசி மாதத்தில் எங்கள் கட்டுத்தரையில் ஒரு மாடு சினையாக நின்றது. "அப்பா, நான் இல்லீன்னா கன்னுக்குட்டிக்கு ஆரு பேரு வெப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். "நீதான் சாமி வெப்பே" என்று சொல்லி எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல நான் நடித்ததால் அவள் தனியாகிவிட்டாள் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பேரு வெக்கலாம், இப்பவே சொல்லு" என்று கேட்டேன். காளைக்கு ஒன்று, கிடாரிக்கு ஒன்று என்று இரண்டு பெயர் சொன்னாள்.

ஆகவே பள்ளிக்குப் போகலாம் என்று பொய் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். "உனக்கு என்ன தோணுது கண்ணு?" என்று முதலில் அவனிடமே கேளுங்கள். அவன் எவ்வளவு கேட்கிறானோ அவ்வளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை முதல் வேளை தவறாமல் கொடுக்கிறேன். செவிலியரை என் மாமியாருடனும் பேச வைத்தேன். இப்போது அலாரம் அடித்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்து வருபவர் அவர்தான். மகனிடம் கேட்டேன். "எனக்குத் தெரியும்மா, கட்டிலை மட்டும் ஆசாரத்துல போடுங்க, பசங்க வர்றது தெரியும்" என்றான். சாயங்காலம் கூட்டாளிகள் சைக்கிளைத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அவனோடு இருந்தார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம். இரவு இரண்டு மணி வேளைக்கு, தூங்குபவனை எழுப்பித்தான் ஆக வேண்டுமா?

பதில் 3: ஈரோடு செவிலியர்

இப்போதைக்கு எழுப்பிக் கொடுங்கள். படுக்கும்போது தரும் அளவைக் கூட்டி, நள்ளிரவு வேளையைத் தவிர்க்கும் வழி ஒன்று உண்டு; ஆனால் அதை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். காலையில் குழுவை அழைத்து இதை முதலில் கேளுங்கள்.