காப்பி பிறந்தது ஏமனிலா?

கூடலூரான்: "காப்பி பிறந்தது ஏமனில், வயநாட்டுக் காப்பி சூஃபி ஞானி பாபா புதன் அங்கிருந்து கொண்டுவந்த ஏழு கொட்டையின் வாரிசு" என்று பந்தலூர் வாத்தியார் நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. பிறந்தது எத்தியோப்பியா. அங்கே தென்மேற்குக் காடுகளில் இன்றும் தானாக முளைத்து நிற்கிறது. அப்புறம், அந்த ஏழு கொட்டை அரபிகா. வயநாட்டில் பெரும்பாலும் ரொபஸ்டா. இரண்டும் வேறு இனம். என்ன வாரிசு?

பந்தலூர் வாத்தியார்: தம்பி, காட்டில் செடி நின்றால் காப்பி ஆகிவிடுமா? 15ஆம் நூற்றாண்டிலேயே ஏமன் சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண் விழித்திருக்கக் குடித்தார்கள். ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்துதான் வெளியே போனது. பெயரே அரபிகா! ஏமன்தான்.

கூடலூரான்: அந்தப் பெயரை 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தார். பெயர் வைத்தவர் பிரசவம் பார்த்தாரா? எத்தியோப்பியா.

குமுளிக்காரர்: எங்கே பிறந்தால் என்ன, ருசி வறுவலில்தான் இருக்கிறது.

கூடலூரான்: அண்ணே, கடையில் பொடி வாங்குகிறவர் பேச்சு இது. 1000 மீட்டருக்கு மேல் குளிரில் அரபிகா பழம் மெதுவாகப் பழுக்கும். வாசமும் இளம்புளிப்பும் அதில் வருவது. ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் கசப்பும் கூடுதல். பழத்தைத் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த பார்ச்மென்ட் ஒரு ருசி, களத்தில் அப்படியே காய்ந்த செர்ரி வேறு ருசி. காயும் பழமுமாகக் கிளையை உருவிப் போட்டால் எந்த வறுவல் காப்பாற்றும்? பறிப்புக்கு ஆள் கிடைக்காமல் நான் படும் பாடு எனக்குத் தெரியும்.

குமுளிக்காரர்: எங்கள் வீட்டிலும் இரண்டு ஏக்கர் இருக்கிறது. கடைக்காரப் பேச்சு என்று சொல்ல வேண்டாம்.

மேப்பாடிக்காரி: ரொபஸ்டா என்றால் இளக்காரமா அண்ணா? வயநாடு ரொபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடலூர்க் காப்பிக்குக் கிடைத்ததா?

கூடலூரான்: நான் எங்கே இளக்காரம் செய்தேன்? என் தோட்டத்திலும் ரொபஸ்டாதான்! அந்தக் குறியீடு ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகாவுக்கும் அதே ஆண்டில் கிடைத்தது. பேச்சை மாற்றாதே தங்கச்சி.

பந்தலூர் வாத்தியார்: மிளகு விவாதத்திலும் இவர் இப்படித்தான் எல்லாரையும் அடக்கினார். நான் மறக்கவில்லை.

மேப்பாடிக்காரி: வாத்தியாரே, உங்கள் வீட்டில் குடித்தது பாதி சிக்கரி. வேரை வறுத்துக் குடிக்கிறவர் காப்பிக்கு ஊர் சொல்கிறார்!

பந்தலூர் வாத்தியார்: சிக்கரி போட்டால்தான் டிகாக்ஷன் திடமாக இறங்கும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வராதீர்கள். மோக்காவுக்குப் பதில் சொல்லுங்கள்.

கூடலூரான்: மோக்கா கப்பல் ஏறின இடம். பிறந்தது எத்தியோப்பியா. நாளைக்கும் இதையேதான் சொல்வேன்.

பந்தலூர் வாத்தியார்: ஏமன்.