புதுப்பிப்பு: மட்டு மதிப்புக் கணக்கில் தப்பு என்னுடையதுதான்

மகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேனே: எக்ஸ், −2-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால் |எக்ஸ் − 3| + |எக்ஸ் + 2| எவ்வளவு? (அந்த நிமிர்ந்த கோடுகள்தான் மட்டு மதிப்பு: உள்ளே இருப்பது குறை எண்ணானால் அதன் குறைக் குறியை நீக்கிவிட வேண்டும்.) நான் கோடுகளை அப்படியே அழித்துவிட்டு 2எக்ஸ் − 1 என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். தப்பு. எக்ஸ் 3-ஐ விடச் சிறியது, அதனால் எக்ஸ் − 3 குறை எண். குறியை மாற்றி 3 − எக்ஸ் என்று எழுத வேண்டும். அதோடு எக்ஸ் + 2-ஐக் கூட்டினால் எக்ஸ் அடிபட்டு 5.

|எக்ஸ் − 3| என்பது எக்ஸுக்கும் 3-க்கும் உள்ள தூரம், |எக்ஸ் + 2| என்பது எக்ஸுக்கும் −2-க்கும் உள்ள தூரம். குன்னூர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன! குன்னூர் வழியாகப் போகும் மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் பாதை சுமார் 46 கிலோமீட்டர். வண்டி நடுவில் எங்கே நின்றாலும் இரு முனைக்குமான தூரங்களைக் கூட்டினால் அதே 46தான்.

"அப்பா, ஊட்டியைத் தாண்டிப் போனா?" என்றாள். தண்டவாளமே இல்லையே! சரி, கணக்கில் தாண்டலாம். எக்ஸ் 3-ஐத் தாண்டினால் என் பழைய 2எக்ஸ் − 1 சரியாக வரும்.